பட்டியலை ஒப்பிப்பது அறிவாகுமா?

மின்கலப் பாடத்தில் நம் மாணவர் பலர் நிறைய மதிப்பெண் வாங்குகின்றனர். வாங்கட்டும்; மகிழ்ச்சியே. துத்தநாகத்துக்குக் கழித்தல் 0.76, தாமிரத்துக்குக் கூட்டல் 0.34, வெள்ளிக்குக் கூட்டல் 0.80 என்று தூக்கத்திலும் சொல்வார்கள். ஆனால், "தாமிரத்துக்கு 0.34 வோல்ட் என்றால், எதற்கு எதிராக?" என்று கேளுங்கள்; பலர் விழிப்பார்கள். அந்தக் கேள்விதான் இப்பாடத்தின் உயிர் என்பது என் கருத்து.

1836இல் டேனியல் அமைத்த கலத்தையே எடுத்துக்கொள்வோம். துத்தநாக அணு இரண்டு எலெக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனியாகிக் கரைகிறது. அந்த எலெக்ட்ரான்கள் கம்பி வழியே மறுபுறம் செல்ல, தாமிர அயனி அவற்றைப் பெற்று உலோகமாகப் படிகிறது. கொடுப்பது ஓர் அரைவினை. கொள்வது மற்றோர் அரைவினை. கொள்வார் இன்றிக் கொடுப்பார் உண்டோ? ஆகவே, ஓர் அரைவினையின் மின்னழுத்தத்தைத் தனியே அளக்க முடியாது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டையே அளக்கலாம். அதனால்தான் ஹைட்ரஜன் மின்வாயைச் சுழி என்று வேதியியலார் ஒப்புக்கொண்டனர். கடல்மட்டத்தைச் சுழியாகக் கொண்டு மலையின் உயரத்தைச் சொல்வதில்லையா? அது போன்றதே இதுவும்.

இதை உணர்ந்தவனுக்கு ஐயம் எழாது. துத்தநாகத்தோடு சேர்ந்தால் தாமிர அயனி எலெக்ட்ரான் பெறும், கலம் 1.10 வோல்ட் தரும். வெள்ளியோடு சேர்ந்தால் அதே தாமிரம் எலெக்ட்ரான் கொடுக்கும், கிடைப்பது 0.46 வோல்ட். இங்கே வெள்ளி அயனிகள் இரண்டு வேண்டும் என்பதற்காக 0.80ஐ இரண்டால் பெருக்குவோரும் உளர். வோல்ட் மட்டத்தைக் குறிப்பது; பொருளின் அளவைக் குறிப்பதன்று.

பட்டியலுக்கு நிபந்தனையும் உண்டு. கரைசலின் செறிவு லிட்டருக்கு 1 மோல், வாயுவின் அழுத்தம் 1 பார், வெப்பநிலை 25 டிகிரி சென்டிகிரேடு. கலம் உழைக்கத் தொடங்கியதும் செறிவு மாறும், வோல்ட்டும் இறங்கும். துத்தநாக அயனி 1 மோலாகவே இருக்க, தாமிர அயனி மட்டும் ஆயிரத்தில் ஒரு பங்கானால் 1.10 என்பது ஏறத்தாழ 1.01 ஆகிவிடும். முற்றும் தீர்ந்த கலத்தில் வோல்ட் சுழி. பட்டியலோ அப்போதும் 1.10 என்றே சொல்லிக்கொண்டிருக்கும்!

"தேர்வில் எண்ணைத்தானே கேட்கிறார்கள்?" என்பீர்கள். கேட்கும் முறையிலும் குறை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வாழ்க்கை வேறு விதமாகக் கேட்கும். துத்தநாகம் பூசிய இரும்பில் கீறல் விழுந்தாலும் துத்தநாகமே முதலில் கரைந்து இரும்பைக் காக்கும். வெள்ளீயம் பூசியதில் கீறல் விழுந்தால், ஈரம் பட்ட இடத்தில் இரும்பு விரைந்து துருப்பிடிக்கும். ஏன்? எண்களை ஒப்பிட்டுப் பார்த்தவன் சொல்வான், ஒப்பித்தவன் திகைப்பான்.

தோழர்களே! பிறமொழியில் பாடம் கேட்கும் நமக்கு ஒரு சோதனை எளிது. மனப்பாடம் செய்த ஆங்கில வாக்கியம் நம் அறியாமையை மூடி மறைக்கும். அதையே தமிழில் ஒரு தம்பிக்கு விளக்க முற்பட்டால் அது உடனே வெளிப்பட்டுவிடும். வாரம் ஒரு மாலை சங்க அறையில் கூடுவோம். மூத்தவர் இளையவர்க்குத் தமிழில் விளக்கட்டும், இளையவர், "எதற்கு எதிராக? எந்த நிலையில்?" என்று தயங்காமல் கேட்கட்டும்.