பவளம் நடுமுன் கழிவுநீரைக் கவனியுங்கள்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் கிள்ளானிலிருந்தும் பிரிக்பீல்ட்ஸிலிருந்தும் குடும்பம் குடும்பமாகக் கிழக்குக் கரைத் தீவுகளுக்குக் கிளம்பிவிடுகிறோம். ரெடாங், பெர்ஹெந்தியான், தியோமான். அண்மைக் காலமாக இந்தப் பயணங்களில் ‘பவளம் நடுதல்’ என்ற நிகழ்ச்சியும் சேர்ந்துகொண்டது. ஒடிந்த பவளக் கிளையைச் சட்டத்தில் கட்டிக் கடலடியில் வைத்துவிட்டுக் குழுவாகப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவர்களின் அக்கறை உண்மையானது. ஆனால் செய்ய வேண்டிய வேலைகளில் இது முதலாவது அல்ல என்று உறுதியாக நினைக்கிறேன்.

நான் கிள்ளானில் வசிப்பவள். பவளப்பாறைக் கணக்கெடுப்பில் தன்னார்வலராக மூழ்குகிறேன். நூறு மீட்டர் நாடாவைக் கடலடியில் விரித்து, அதில் இருபது மீட்டர் நீளத்தில் நான்கு பகுதிகளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு அரை மீட்டரிலும் நாடாவுக்கு நேர்கீழே இருப்பது என்ன என்று பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் குறிப்போம். உயிருள்ள பவளம், அண்மையில் செத்தது, பாசி, மணல், உடைசல். இந்த வேலையைச் செய்யச் செய்ய, மான்கொம்புபோல் கிளைவிடும் பவளத்தின்மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது. அதன் நுனியைக் கிட்டப்போய்ப் பாருங்கள்: வெளிர் ஊதா அல்லது வெள்ளையாக இருக்கும். புதிதாக வருபவர்கள் வெளிறிவிட்டது என்று பதறுவார்கள். அதுதான் வளரும் முனை, நலமாக இருப்பதன் அடையாளம். கிளை முழுவதும் அடிவரை சுண்ணாம்பாய் வெளுத்திருந்தால்தான் ஆபத்து. கிளையின் அடியில் மட்டும் வெள்ளைப் பட்டை தெரிந்தால், இடுக்கில் விரல்நுனி அளவு நத்தைகள் சதையைத் தின்றுகொண்டிருக்கின்றனவா என்று தேட வேண்டும்.

கிளைப் பவளம் வேகமாக வளர்வது. நல்ல நீரில் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டருக்கும் மேல் நீளும். உருண்டையாகத் திரளும் பவளமோ ஒரு சென்டிமீட்டர் அளவுதான் வளரும். ஒடிந்த துண்டும் பிழைத்துக் கிளைக்கும். நடுவதற்கு எல்லோரும் இதையே எடுப்பது அதனால்தான். ஆனால் கடல் சூடேறினால் முதலில் சாகிறவற்றில் இதுவும் ஒன்று. வழக்கமான கோடைச் சூட்டைவிட ஒரு டிகிரி கூடிச் சில வாரங்கள் நீடித்தால் போதும், தனக்குள் குடியிருந்து உணவு தரும் நுண்பாசியைப் பவளம் வெளியேற்றி வெளிறிப்போகும். 2024 ஏப்ரலில் நான்காவது உலகளாவிய வெளிறல் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில், பாறை கட்டும் பவள இனங்களில் 44 விழுக்காடு அழியும் ஆபத்தில் உள்ளன என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் சொன்னது. புளோரிடாவின் சொம்ப்ரேரோ பாறையில் ஆண்டுக்கணக்கில் நட்டு வளர்த்த பவளமெல்லாம் 2023 ஜூலை வெப்பத்தில் செத்துக் கிடந்ததை, நட்டவர்களே மூழ்கிப் பார்த்தார்கள்.

வெளிறிய பவளம் செத்த பவளம் அல்ல. நீர் குளிர்ந்தால் மீளும். மீள்வதற்குச் சுத்தமான நீர் வேண்டும். நம் கைக்கு எட்டுவது அந்தச் சுத்தம்தான். தீவுகளில் பல தங்குமிடங்கள் செப்டிக் தொட்டியை நம்பியே நடக்கின்றன. கூட்டம் பெருகும்போது கழிவு மணல் வழியே கசிந்து கடலுக்குப் போகிறது. அந்தச் சத்தில் பாசி கொழுத்து, வெறுமையாகும் இடத்தையெல்லாம் பிடித்துக்கொள்கிறது. பவளக் குஞ்சுகள் ஒட்டுவதற்கு இடமிருப்பதில்லை.

இதைச் சரிசெய்யத் தடை என்ன? 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின் கீழ்வரும் கடல் பூங்காவின் நீர் மத்திய அரசின் பொறுப்பு. தீவின் நிலமோ மாநில அரசின் கையில். கழிவு உருவாவது நிலத்தில், சேதம் நடப்பது நீரில். திரெங்கானு, பகாங் மாநில அரசுகளும் மீன்வளத் துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்து, சுத்திகரிப்பு வசதி இல்லாத விடுதிக்கு உரிமம் புதுப்பிப்பதில்லை என்று முடிவெடுக்க வேண்டும். நடும் விழாக்களுக்குப் பணம் தரும் கோலாலம்பூர் நிறுவனங்கள் அதே பணத்தைச் சுத்திகரிப்புத் தொட்டிகளுக்குத் தரட்டும்.

என் தாத்தா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். அந்தக் கடலில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டியே, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு நீருக்கடியில் போயின. 2001இல் பாறை கட்டும் பவளங்களை இந்திய அரசு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. தூத்துக்குடி ஆய்வாளர்கள் அங்கே பவளம் நடும் பணியை இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பொறுமையாகச் செய்துவருகிறார்கள். நடுவதை நான் எதிர்க்கவில்லை. கடப்பாரையை நிறுத்தாமல் நட்டுப் பயனில்லை என்பதே அங்கே கண்டது. நம் தீவுகளில் கடப்பாரை இல்லை, கழிவுக் குழாய் இருக்கிறது.

இன்னொன்றும் கேட்கிறேன். 2010இல் கடல் சூடேறியபோது தியோமான், ரெடாங், பாயார் தீவுகளில் சில முக்குளிப்பு இடங்களை அரசு மூடியது. அப்போது முணுமுணுத்தவர்கள் உண்டு. முன்பணம் கட்டியவர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது. படகோட்டிகளுக்கும் அது வருமான இழப்புதான். அவர்களுக்கு இழப்பீடு கொடுக்க வேண்டும். ஆனால் காய்ச்சலில் கிடப்பதன்மேல் துடுப்புக் காலணி படக் கூடாது. வெப்பம் ஏறும் மாதங்களில் மூடுவது வழக்கமாக வேண்டும், நாமும் அதை ஏற்க வேண்டும்.

அடுத்த விடுமுறைக்கு அறை பதிவு செய்யும்போது காலைச் சாப்பாடு உண்டா என்று கேட்பீர்கள். கூடவே இரண்டு கேள்விகள் கேளுங்கள்: உங்கள் கழிவுநீர் எங்கே போகிறது? உங்கள் படகு நங்கூரம் போடுமா, மிதவையில் கட்டுமா? சரியான பதில் வராவிட்டால் வேறு விடுதி பாருங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கின் வாடிக்கையாளர்கள் கேட்கத் தொடங்கினால் முதலாளிகள் செவிசாய்த்தே ஆக வேண்டும்.