ஓடிபி மாப்பிள்ளைக்குப் போனது

என் மைத்துனனுக்கு 54 வயது. பாளையங்கோட்டையில் கடை வைத்திருக்கிறான். குடி, பதினைந்து வருஷப் பழக்கம். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால், "அந்த வாசல்ல எவனாவது என்னப் பாத்தா ஊரு முழுக்கத் தெரிஞ்சிரும் அத்தான்" என்பான். பொய்யில்லை. போதை மீட்பு என்று போர்டு போட்ட கட்டடத்துக்குள் யார் நுழைகிறார்கள் என்பது எதிர் டீக்கடைக்கு உடனே தெரியும்.

வீடியோ காலில் பேசலாம் என்றதும்தான் சம்மதித்தான். டாக்டர் பேசிப் பார்த்துவிட்டு, முதலில் பத்து நாள் வெளியூரில் இருந்த தங்கள் ஆஸ்பத்திரியில் சேரச் சொன்னார். அது சரிதான். தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிரே போகலாம். அதைப் போனில் பார்த்துக்கொள்ள முடியாது.

திரும்பி வந்தபின் வாரம் ஒருமுறை மொட்டை மாடியில் உட்கார்ந்து போனில் ஆலோசனை. ஆலோசகர் அம்மா எங்கள் பக்கத்துக்காரர். எத்தனை மில்லி என்று கேட்கவில்லை. "குவார்ட்டரா, கட்டிங்கா? கல்யாண வீட்டுலயா, எழவு வீட்டுலயா?" என்று கேட்டார். கோயில் கொடைக்கு இரண்டு வாரம் முன்பே, சொந்தக்காரர்கள் ஊற்றிக் கொடுத்தால் என்ன சொல்லித் தப்பிப்பது என்று ஒத்திகையே பார்த்துவிட்டார்கள். அந்தக் கொடையில் இவன் சுக்குக் காபி குடித்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

கெடுத்தது அந்த ஆஸ்பத்திரியின் செயலி. முன்பு சர்க்கரைக்குப் பார்த்தபோது, மாமாவுக்கு இதெல்லாம் தெரியாதே என்று மாப்பிள்ளை தன் நம்பரைக் கொடுத்துக் கணக்குத் தொடங்கியிருந்தார். ஓடிபி எல்லாம் அவருக்குத்தான் போகும். ஐந்தாவது மாதம், "போதை மீட்புப் பிரிவில் உங்கள் சந்திப்பு நாளை மாலை 5 மணிக்கு" என்று அவருக்கு மெசேஜ் போனது. தங்கமான பிள்ளை. ஒரு வார்த்தை சேர்க்காமல் அப்படியே இவனுக்கு அனுப்பிவைத்தார்.

பெண்ணைக் கொடுத்தவனுக்கு அது போதாதா? அதோடு மாடி ஏறுவதை விட்டுவிட்டான். இரண்டு மாதத்தில் பழைய கதை.

2017ஆம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டம், சிகிச்சை விவரம் ரகசியமாக இருப்பது நோயாளியின் உரிமை என்கிறது. குடியால் வரும் மனநோயும் அதில் அடக்கம். நான் வங்கியில் 34 வருஷம் இருந்தவன். அப்பாவின் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று மகன் வந்து கேட்டாலும் சொல்லமாட்டோம். ஒரே நம்பரில் வீட்டில் நாலு பேருடைய கணக்கு ஓடும் ஊர் இது. முதல் நாளே "இந்த நம்பர் யாருடையது?" என்று ஒருவர் கேட்டிருக்கலாம். "நாளை 5 மணிக்கு டாக்டர்" என்று மட்டும் அனுப்பியிருந்தால் என்ன குறைந்துபோகும்?

குடும்பத்துக்கு மறைத்துக் குடியை விட முடியுமா என்கிறாள் என் மனைவி. முடியாதுதான். ஆனால் அவன் பெண்டாட்டிக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியும், அவனே சொன்னான். மாப்பிள்ளையிடம் சொல்வதா, எப்போது சொல்வது என்பதும் அவன் பாடு.

போன வாரம் அரசின் டெலி மானஸ் எண் 14416ஐ எழுதிக் கொடுத்தேன். இலவசம், இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். "இதுக்கும் ஓடிபி வருமா அத்தான்?" என்று கேட்டான். கூப்பிட்டால் போதும் என்றேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். இன்னும் கூப்பிடவில்லை.