அபசகுனம் என்ற சாக்கு

ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு போய் ஜோசியரிடம் ஆயுள் பாவத்தைப் பற்றி விசாரிப்பதில் நமக்குக் கூச்சம் கிடையாது. இன்ஷ்யூரன்ஸ் ஏஜெண்ட் வந்து, "உங்களுக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்..." என்று ஆரம்பித்தால், காபி கொடுத்து உட்காரவைத்துக் கேட்கிறோம். ஆனால் யாராவது, "உயில் எழுதிவிட்டீர்களா?" என்று கேட்டுவிட்டால் போதும், வீட்டுப் பெரியவள், "விளக்கு வைக்கிற நேரத்தில் என்ன பேச்சு இது?" என்று எழுந்து போய்விடுகிறாள். இந்த அபசகுனத்தோடுதான் எனக்குச் சண்டை.

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இந்த அபசகுனம் லாபகரமானதுதான். பீரோவின் ரகசிய அறையிலிருந்து ஒரு பழைய உயில் கிடைத்தால், தொடர்கதை இன்னும் ஆறு வாரம் ஓடும். வாசகர்களும் அதை வாய்விட்டு ரசிக்கிறார்கள். கதையில் வருகிற உயிலை அப்படி ரசிக்கிறவர்களில் எத்தனை பேர் வீட்டுப் பீரோவில் உண்மையான உயில் இருக்கிறது?

"எழுதாவிட்டால் என்ன? சட்டம் இருக்கிறதே!" என்பார்கள். ஆமாம், இருக்கிறது. நீங்கள் எழுதாத உயிலை அது உங்களுக்காக எழுதிவைத்திருக்கிறது. அதைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் சும்மா இருக்கிறீர்களா என்பதே என் கேள்வி.

1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் ஒருவர் கண்ணை மூடினால் அவருடைய சுயார்ஜிதம் தாய், மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சரிபங்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தாயும், மனைவியும், சின்னஞ்சிறு குழந்தைகள் இரண்டும் உள்ள வீட்டை நினைத்துப் பாருங்கள். நகையை விற்று வீடு கட்டத் துணைநின்ற மனைவிக்குக் கால் பங்கு. ஒரு நெருக்கடியில் அந்த வீட்டை விற்க வேண்டுமென்றால், மைனர் குழந்தைகளின் பங்குக்காகக் கோர்ட்டில் அனுமதி வாங்க வேண்டும். புருஷன் போன துக்கத்தோடு அவள் வக்கீல் வீட்டுத் திண்ணையையும் சேர்த்துத் தேய்க்க வேண்டும்.

பெண்கள் விஷயம் இதைவிட மோசம். குழந்தை இல்லாத விதவை, தானே சம்பாதித்த பணத்தை உயில் எழுதாமல் விட்டுச் சென்றால், அதே சட்டத்தின் 15-ஆம் பிரிவு அந்தப் பணத்தைப் பெற்ற தாய் தகப்பனுக்குக் கொடுப்பதில்லை. முதலில் புருஷனுடைய வாரிசுகளுக்குத்தான் கொடுக்கிறது. கற்பனை என்று நினைக்க வேண்டாம். 1955-இல் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் ஆயிற்று. மூன்று மாதத்தில் புருஷன் பாம்பு கடித்து இறந்தான். புக்ககத்தார் அவளை விரட்டிவிட்டார்கள். பிறந்த வீட்டில் இருந்து படித்தாள், உத்தியோகம் பார்த்தாள், 1996-இல் இறந்தாள். பாங்கில் சேமிப்பும் பிராவிடண்ட் பண்டும் மிஞ்சின. நாற்பது வருஷம் எட்டிப் பார்க்காத வீட்டிலிருந்து, புருஷனுடைய சகோதரியின் பிள்ளைகள் வந்தார்கள். 2009-இல் சுப்ரீம் கோர்ட்டு பணம் அவர்களுக்கே என்று தீர்ப்பளித்தது. பரிவைப் பார்த்துச் சட்டத்தை மாற்றிப் படிக்க முடியாது என்றது.

சட்டம் அநியாயம் என்று கூச்சல் போடலாம். நானும் சேர்ந்து போடுகிறேன். ஆனால் அந்த அம்மாள் ஒரு முழுத் தாளில் நாலு வரி எழுதியிருந்தால், இந்த வழக்கு பிறந்தே இருக்காது. 2025-இல் சுப்ரீம் கோர்ட்டே இந்துப் பெண்களை உயில் எழுதிவைக்கும்படி கேட்டுக்கொண்டது. தன் வாசலில் கூட்டம் குறையட்டும் என்று நீதிமன்றமே சொல்லும்போதும் நமக்கு ராகுகாலந்தான் பெரிதா?

"பாங்கில் நாமினி போட்டிருக்கிறேனே" என்று ஒருவர் மார்தட்டுவார். பாங்குக் கணக்கில் நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்ளும் கை, சொந்தக்காரர் அல்ல. வாங்கியதை உரியவர்களிடம் அவர் ஒப்படைக்க வேண்டும். உரியவர் யார் என்பதை உயில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் சட்டம் சொல்லும்.

வியாபாரம் செய்கிறவர்களோ இன்னும் தைரியசாலிகள். மைத்துனரும் மைத்துனரும் சேர்ந்து மளிகைக் கடை வைப்பார்கள். "நமக்குள் பத்திரம் என்ன வேண்டியிருக்கிறது?" என்று வெற்றிலை மாற்றிக்கொள்வார்கள். 1932-ஆம் வருஷத்துக் கூட்டு வியாபாரச் சட்டமோ, மாற்று ஒப்பந்தம் இல்லாவிட்டால் ஒரு பங்காளி இறந்ததும் கூட்டே கலைந்துவிட்டது என்கிறது. ரிஜிஸ்தர் செய்யாத கூட்டுக்கடை, சரக்கு வாங்கிவிட்டுப் பாக்கி வைத்தவன்மேல் ஒப்பந்தத்தைக் காட்டி வழக்குப் போட முடியாது. இறந்தவர் பங்கை எப்படி மதிப்பிடுவது, எத்தனை தவணையில் கொடுப்பது என்று பத்திரத்தில் எழுதாததால், பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் கடைச் சாவிக்காக அக்காவும் தம்பியும் எதிரிகளாகிறார்கள். அன்பு இருக்கும்போது எழுதாததைப் பகை வந்த பிறகு யார் எழுதுவார்கள்?

உயில் எழுதுவது பெரிய வித்தையும் அல்ல. முத்திரைத் தாள் வேண்டாம். வெள்ளைத் தாள் போதும். எழுதுகிறவர் கையெழுத்திட வேண்டும். அதைப் பார்த்த இரண்டு சாட்சிகள் அவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். சொத்து பெறுகிறவர் சாட்சியாக நிற்காமலிருப்பது விவேகம். ரிஜிஸ்தர் செய்வது கட்டாயமல்ல. செய்தால் சந்தேகம் குறையும். மனம் மாறினால் உயிருள்ளவரை மாற்றி எழுதலாம். கடைசி உயில்தான் செல்லும். பிதிரார்ஜிதத்தில் தம் பங்கை மட்டுமே எழுத முடியும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

சென்னை நகரத்துச் சொத்தென்றால் ஹைகோர்ட்டில் புரோபேட் வாங்கியாக வேண்டுமே, அந்த அலைச்சல் யாருக்கு வேண்டும் என்று ஒரு சாக்கு வெகுகாலம் இருந்தது. வாரிசுரிமைச் சட்டத்தின் அந்த 213-ஆம் பிரிவைப் பார்லிமெண்டு 2025-இல் நீக்கிவிட்டது. தகராறு வந்தால் உயிலை ருசுப்பிக்க வேண்டியதுதான். ஆனால் அந்தக் கட்டாயம் போயிற்று. கையிலிருந்த கடைசிச் சாக்கும் அதோடு போயிற்று.

உயில் எழுதியதால் ஒருவருக்கும் ஆயுள் குறைந்ததில்லை. எழுதாமல் போனவர்களால் கூடப்பிறந்தவர்கள் பேச்சுவார்த்தை இல்லாமல் போன வீடுகளோ தெருவுக்கு ஒன்று உண்டு. பிள்ளைகளுக்குச் சொத்து வைத்துவிட்டுப் போவதில் பெருமைப்படுகிறவர்கள், அவர்கள் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதற்கும் வழி வைத்துவிட்டுப் போகட்டும். அதற்கு ஆகிற செலவு ஒரு தாளும் இரண்டு சாட்சிகளுக்குக் காபியுந்தான்.