தொண்ணூறு நாள் விதியை ஏன் நீக்கினார்கள்?

2025 ஜூன் 6 அன்று வெள்ளை மாளிகை பிறப்பித்த இணையப் பாதுகாப்பு ஆணைக்கு இதுவரை சொல்லப்பட்ட சமாதானங்களில் ஒன்றுகூட ஏற்கும்படியாக இல்லை. குவான்டம் கணினியின் தாக்குதலைத் தாங்கும் குறியாக்கத்துக்காக அதே ஆண்டு ஜனவரியில் முந்தைய நிர்வாகம் எழுதிவைத்த பிரிவின் முக்கியப் பகுதிகளை அந்த ஆணை வெட்டி எறிந்தது. எந்தெந்த வகைப் பொருள்களில் இந்தக் குறியாக்கம் கிடைக்கிறது என்று பட்டியல் வெளியிடும் கடமை தப்பியது. பட்டியலில் ஒரு வகை சேர்ந்த 90 நாள்களுக்குள், அந்த வகைக்கான டெண்டர்களில் இதை நிபந்தனையாகச் சேர்க்க அரசுத் துறைகள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்ற விதி போய்விட்டது. வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாமல் வெறும் பட்டியலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆர்எஸ்ஏ, நீள்வளைவு போன்ற இன்றைய பொதுச்சாவி முறைகளைக் குவான்டம் கணினி உடைக்கும் என்று கணிதவியலாளர் பீட்டர் ஷோர் 1994லேயே நிறுவிவிட்டார். அதற்கேற்ற கணினி இன்னும் வரவில்லை என்பது உண்மை. ஆனால், 2048 பிட் ஆர்எஸ்ஏ சாவியை உடைக்க இரண்டு கோடி க்யூபிட்டுகள் (குவான்டம் கணினியின் அடிப்படை அலகுகள்) வேண்டும் என்று 2019இல் கணக்கிட்ட கூகுள் ஆய்வாளர் கிரெய்க் கிட்னி, பத்து லட்சத்துக்கும் குறைவான க்யூபிட்டுகளே போதும் என்று 2025 மே மாதம் திருத்திச் சொன்னார். அது வெளிவந்து மூன்று வாரம்கூட ஆகாத நிலையில் இந்த விதி நீக்கப்பட்டது.

கணினி, கைப்பேசி என்றால் பின்னால் ஒரு மென்பொருள் மேம்பாடு அனுப்பிச் சமாளிக்கலாம். மின் மீட்டர், குடிநீர்க் குழாயின் சென்சார், சாலை சிக்னல் ஆகியவற்றின் கதை வேறு. இவற்றை ஒருமுறை பொருத்தினால் பத்து, பதினைந்து ஆண்டுகள் அப்படியே இருக்கும். தனக்கு வரும் மேம்பாடு உண்மையிலேயே உற்பத்தியாளரிடமிருந்துதான் வருகிறதா என்று சரிபார்க்க, கருவிக்குள் ஒரு பொதுச்சாவி பதிக்கப்பட்டிருக்கும். பல சிப்புகளில் அந்தச் சாவியையும் அதைச் சரிபார்க்கும் நிரலையும் பிறகு யாராலும் மாற்ற முடியாது. நாளை ஒருவர் அந்தச் சாவியின் ரகசியப் பாதியைக் கணித்துவிட்டால், அவர் அனுப்பும் தீநிரலை உற்பத்தியாளர் கையொப்பமிட்டு அனுப்பியது என்றே நம்பிக் கருவி ஏற்றுக்கொள்ளும். லட்சக்கணக்கான மீட்டர்கள் ஒரே இரவில் ஒருவர் கைக்குப் போகும்.

குவான்டம் தாக்குதலைத் தாங்கும் புதிய கையொப்பங்கள் பெரியவை என்பது அடுத்த சிக்கல். இப்போதைய நீள்வளைவுக் கையொப்பம் 64 பைட். 2024 ஆகஸ்டில் தரநிலையாக வெளிவந்த எம்எல்-டிஎஸ்ஏவின் மிகச் சிறிய வடிவமே 2,420 பைட். இத்தகைய சென்சார்கள் பயன்படுத்தும் லோராவான் வலையமைப்பின் மிக மெதுவான வேகத்தில் ஒரு பொட்டலத்தில் 51 பைட்தான் போகும் என்றால், இந்த ஒரு கையொப்பத்துக்கே 48 பொட்டலங்கள் வேண்டும். இதற்கான நினைவகத்தையும் திறனையும் சிப்பை வடிவமைக்கும்போதே ஒதுக்கியாக வேண்டும். வீட்டைக் கட்டி முடித்த பிறகு கடைக்கால் பறிக்க முடியாது. கருவிகளைப் பொறுத்தவரை வாங்கும் நாள் ஒன்றுதான் அரசின் கையில் இருக்கிறது. அந்த நாளைத்தான் இந்த ஆணை கைவிட்டது.

தொழில்நுட்பம் கனியவில்லை என்றும் சொல்ல வழியில்லை. ஃபர்ம்வேர் கையொப்பத்துக்கு ஏற்ற, குவான்டம் தாக்குதலைத் தாங்கும் முறைகளை அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2020லேயே பரிந்துரைத்தது. மற்றவற்றுக்கு 2016இல் அழைப்பு விடுத்து, உலகெங்குமிருந்து வந்த 82 முன்மொழிவுகளைச் சலித்து, எட்டு ஆண்டுகள் உழைத்துத் தரநிலை கண்டார்கள். செலவைக் காட்டித் தப்பவும் முடியாது. 2035 வரை 710 கோடி டாலர் ஆகும் என்று 2024இல் அரசே மதிப்பிட்டது. மேம்படுத்த முடியாத பழைய அமைப்புகளை மாற்றும் செலவும் அதில் அடக்கம். இன்னும் அப்படிப்பட்ட கருவிகளையே வாங்கிக் குவித்தால் அந்தத் தொகை எப்படிக் குறையும்?

இதைவிடப் பொறுக்க முடியாதது ஒன்று உண்டு. தேசப் பாதுகாப்புக் கணினி அமைப்புகளுக்கு 2027 ஜனவரி 1 முதல் வாங்கப்படும் புதிய சாதனங்கள் குவான்டம் பாதுகாப்புக் கொண்டவையாக இருக்க வேண்டும் என்பது அதே அரசின் உளவு அமைப்பு விதித்த கெடு. ராணுவ ரகசியத்துக்குக் கெடு உண்டு. முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனையில் சுவாசக் கருவியோடு படுத்திருக்கும் நோயாளிக்குக் கெடு இல்லை. இது அப்பட்டமான பாரபட்சம்.

குறியாக்க விஷயத்தில் வாஷிங்டனில் முடிவெடுப்பவர்களின் பழைய கணக்கையும் இங்கே எடுத்துப் பார்க்க வேண்டும். 1993இல் தொலைபேசிகளுக்குள் அரசுக்கென ஒரு மாற்றுச்சாவி வைக்கும் கிளிப்பர் சிப்பைக் கொண்டுவந்தார்கள். மூன்றே ஆண்டுகளில் அது மடிந்தது. வெளிநாடுகளுக்குப் பலவீனமான குறியாக்கமே போக வேண்டும் என்று 1990களில் விதித்தார்கள். அப்படிப் பலவீனப்படுத்திய 512 பிட் சாவிகளின் மிச்சம் 2015இல் ஃப்ரீக் என்ற ஓட்டையாக அமெரிக்க இணையதளங்களையே ஆபத்தில் தள்ளியது. 2006இல் தரநிலையாக்கிய ஒரு சீரற்ற எண் உருவாக்கியில் உளவு அமைப்பின் கைவரிசை இருக்கலாம் என்று நிபுணர்கள் எச்சரித்தும் கேட்காமல், ஸ்னோடென் ஆவணங்கள் வெளிவந்து நாறிய பிறகு 2014இல்தான் அதை விலக்கினார்கள். ஒட்டுக்கேட்க வசதி செய்து தர வேண்டும் என்று 1994இல் தொலைபேசி நிறுவனங்களைச் சட்டம் போட்டு வற்புறுத்தினார்கள். முப்பது ஆண்டு கழித்து, சீன ஊடுருவலாளர்கள் அந்த வசதிக்குள்ளேயே நுழைந்தது அம்பலமானது. ஒவ்வொரு முறையும் வல்லுநர்கள் முன்கூட்டியே எச்சரித்தார்கள். ஒவ்வொரு முறையும் அலட்சியம் செய்தார்கள். கட்சி மாறியது, ஆட்சி மாறியது; அந்த நாற்காலிகளின் இறுமாப்பு மட்டும் மாறவில்லை.

தொழில்நுட்ப முடிவுகளைத் துறைகளிடமே விட்டுவிடுகிறோம் என்பது தொண்ணூறு நாள் விதியை நீக்கியதற்குச் சொல்லப்பட்ட காரணம். துறைகள் தாமாகச் செய்வதாக இருந்தால் அந்த விதியை எழுதவே தேவை வந்திருக்காது.

நட்பு நாடுகளையும் இந்த மாற்றத்துக்குத் தூண்ட வேண்டும் என்று ஜனவரி ஆணையில் இருந்த பிரிவும் நீக்கப்பட்டதை நாம் கவனிக்க வேண்டும். பெரிய வாடிக்கையாளர் கேட்பதைத்தான் சிப் நிறுவனங்கள் செய்கின்றன; அதே சிப்புகள்தான் நம் மருத்துவமனைகளுக்கும் மின்வாரியங்களுக்கும் வருகின்றன. அமெரிக்க நாடாளுமன்றம் இந்த விதியை ஏதேனும் ஒரு வடிவில் சட்டமாக்க முன்வர வேண்டும். அதுவரை இந்தியா உள்ளிட்ட நாடுகள் வாஷிங்டனைப் பார்த்துக்கொண்டிராமல், தாங்கள் வெளியிடும் டெண்டர்களில் இந்த நிபந்தனையைத் தாங்களே சேர்க்கட்டும்.