பெயர் எழுதாத மிளகாய்



இந்தப் பக்கத்தை வலது கண் எரிய எரியத்தான் எழுதுகிறேன். அலுவலக வாசலில், ஐந்தடிப் பாதை ஓரமாக, ஒரு பழைய மைலோ டின்னில் மிளகாய்ச் செடி நிற்கிறது. காலையில் அதில் இரண்டு காய் பறித்துக் கையாலேயே பிட்டுப் பார்த்தேன். தண்ணீரில் கையைக் கழுவினேன். அரை மணி கழித்து, பழக்கதோஷத்தில், கண்ணைக் கசக்கிவிட்டேன். மிளகாயின் காரப்பொருள் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். முதலில் எண்ணெய் தடவித் துடைத்து, அப்புறம் சோப்புப் போட்டிருக்க வேண்டும். தெரிந்துதான் இருந்தது.

நாலைந்து மாதத்துக்கு முன் காலைச் சந்தையில் வாங்கிய கன்று அது. பக்கத்துக் கன்றுகளுக்கெல்லாம் அட்டை செருகியிருந்தது, இதற்கு மட்டும் இல்லை. கேட்டதற்கு, "சிலி பாடிதான் அண்ணே, கொத்துக் கொத்தா காய்க்கும்" என்று பதில் வந்தது. மூன்று ரிங்கிட் கொடுத்து எடுத்து வந்தேன்.

அப்புறம் ஆளுக்கொரு பெயர். தேநீர் போட்டுத் தரும் அக்காவுக்கு நாகர்கோவில் பூர்வீகம்; பார்த்ததும் "காந்தாரி" என்றார். மெய்ப்புத் திருத்துபவர் யாழ்ப்பாண வழி வந்தவர். அவருக்கு அது கொச்சிக்காய். பக்கத்துக் கடை மாக்சிக், "சிலி ஆப்பி" என்று ஒரே போடாகப் போட்டார். மலாயில் பாடி என்றால் நெல், ஆப்பி என்றால் நெருப்பு. இதே மிளகாயை சிலி பூரோங், அதாவது பறவை மிளகாய் என்பாரும் உண்டு. அந்தப் பெயர் வெறும் அழகுக்கு இல்லை. பறவைகளுக்கு அந்தக் காரம் உறைப்பதில்லை. பழத்தை விழுங்கி விதையை வேறெங்கோ போட்டுவிடும். சுருக்கமாக, வானம் பார்த்து நிற்கும் அந்த ஊசி மிளகாயைத்தான் எல்லாரும் மனதில் வைத்துச் சொன்னார்கள். செடியோ அதுவரை ஒரு பூகூடப் பூக்கவில்லை.

பூத்த அன்று மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தேன். ஒரே கணுவில் மூன்று மொட்டு. மூன்றும் தலையைத் தொங்கப்போட்டிருந்தன. இதழ் பச்சை கலந்த வெள்ளை, உள்ளே மகரந்தப்பை ஊதா. பிஞ்சு பிடித்ததும் இன்னொன்று தெரிந்தது. காம்பு புல்லிவட்டத்தோடு சேரும் இடத்தில், நூல் கட்டி இறுக்கியது போல ஒரு வளையம். விஷயம் அங்கேதான் இருக்கிறது. மனிதர் பயிராக்கிய மிளகாய் இனங்கள் ஐந்துதான். கடையில் நாம் வாங்கும் நீள மிளகாயும் குடமிளகாயும் அன்னுவம். பெரும்பாலும் கணுவுக்கு ஒரு பூ, தூய வெள்ளை. அசல் சிலி பாடி ஃப்ரூட்டசென்ஸ். பூக்காம்பு நிமிர்ந்திருக்கும், காயும் நிமிர்ந்தே நிற்கும், பழுத்தபின் தொட்டால் காம்பை விட்டுக் கழன்று வரும். இதழடியில் மஞ்சள் புள்ளி இருந்தால் பாக்கேட்டம். பூவே ஊதாவாகி, விதையும் கறுப்பாக இருந்தால் பியூபெசென்ஸ். அது குளிர்மலைச் செடி, நம் வெக்கைக்கு ஒத்துவராது. கொத்தாகத் தொங்கும் பூவும் அந்த வளையமும் சைனன்ஸுக்கு அடையாளம். ஹபனேரோவும் அசாம் பக்கத்துப் பேய் மிளகாயும் அந்தக் குடும்பம்தான்.

சிலி பாடியின் காரம் ஸ்கோவில் கணக்கில் 50,000 முதல் 100,000 வரை என்பார்கள். ஹபனேரோ 350,000 வரை போகும். பேய் மிளகாய் 2007-ல் பத்து லட்சத்தைத் தாண்டி கின்னஸில் ஏறியது. நம்முடையது இதில் எது என்று பூ சொல்லாது. இனம் வரைக்கும்தான் அதன் சாட்சி செல்லும். எங்கள் பக்க வடிவமைப்புத் தம்பி அதற்கு வேறு வழி கண்டான்: பாதிக் காயைக் கடித்தான். விக்கலோடு ஓடிப்போய்ச் சுடச்சுடத் தே தாரிக் குடித்தான், எரிச்சல் இரட்டித்தது. சூட்டை உணரும் அதே நரம்பு வாசலைத்தான் மிளகாயும் தட்டுகிறது. அதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசே கொடுத்தார்கள். தம்பிக்கு நாங்கள் கொடுத்தது ஒரு கிண்ணம் தயிர்.

செடி விற்றவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. சைனன்ஸ் என்றால் சீனத்தது என்று பொருள். 1776-ல் அந்தப் பெயரை வைத்தவர் ஜாக்குவின் என்ற தாவரவியல் அறிஞர். அந்தச் செடியின் பூர்வீகமோ தென்னமெரிக்கா; சீனாவுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. நாம் மட்டும் என்ன? போர்த்துக்கீசியர் கொண்டுவந்த காய்க்கு நம்மிடம் பெயர் இல்லை, மிளகை இரவல் வாங்கி மிளகாய் ஆக்கிக்கொண்டோம். பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்கு அருகில், 1884-ல் தொடங்கிய தாவரவியல் பூங்காவில் மரங்களின் பெயர்ப் பலகைகளை இப்போது கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்கிறேன்.

வளர்க்க நினைப்பவர்களுக்கு: டின்னின் அடியில் ஓட்டை தாராளமாக இருக்கட்டும். நம்மூர் மழையில் வேர் அழுகித்தான் மிளகாய் சாகும், காய்ந்து அல்ல. ஐந்தடிப் பாதை நிழல் போதாது, காலை வெயிலுக்கு நகர்த்தி வையுங்கள். இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிக் குவிந்தால் சிலந்திப்பேன். அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவிவிட்டு, வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து மாலையில் தெளிக்கலாம். உரத்தை அள்ளிப் போட்டால் இலை கொழுக்கும், பூ வராது. விதை கேட்டு எழுதியிருக்கும் நண்பர்கள் மன்னிக்கவும். பக்கத்தில் வேறு மிளகாய் இருந்தால் தேனீ கலப்படம் செய்துவிடும், அடுத்த தலைமுறைக்கு நான் பொறுப்பேற்க முடியாது. உங்கள் வீட்டிலும் பெயர் தெரியாத மிளகாய் இருந்தால் படம் அனுப்புங்கள். காய் வேண்டாம், பூவைக் கிட்டத்தில் எடுத்து அனுப்புங்கள்.

நேற்று ஐஸ்கிரீம் குச்சி ஒன்றில் "சைனன்ஸ். சிலி பாடி அல்ல" என்று எழுதி டின்னில் செருகினேன். இன்று காலை பார்த்தால் அதன் கீழே வேறொரு கையெழுத்து: "சத்தியமாக அல்ல."

அன்புடன்,
ஆசிரியர்