மாதச் சம்பளமா? நாட்கூலியா?

நம் சங்கத்தின் கல்வி உதவித்தொகைக்குரிய விண்ணப்பங்களை இணையத்தின் வழியே பெறலாம் என்னும் கருத்து சென்ற கூட்டத்தில் எழுந்தது. அதியன்னூர், நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பகுதிகளில் வாழும் நம் குடும்பத்துப் பிள்ளைகள் அலைச்சலின்றி விண்ணப்பிக்க இது நல்வழியே. ஆனால் அதற்கான மென்பொருளை எவ்வாறு இயக்குவது என்பதில் இளைஞர்கள் இரு கட்சியாயினர். நிருவகிக்கப்பட்ட கொள்கலன் திரள் வேண்டும் என்றனர் ஒரு சாரார். சர்வர்லெஸ் கொள்கலனே போதும் என்றனர் மறுசாரார். பெரியவர் பலர் வாளாவிருந்தனர். செலவாகப் போவது உறுப்பினர் சந்தா. காத்து நிற்கப் போவது ஏழை மாணவர். ஆதலின் இவ்வழக்கை நாம் அனைவரும் விளங்கிக்கொள்ளுதல் கடமையாகும்.

சரக்கு வண்டிகளிற் செல்லும் இரும்புப் பெட்டிகளை நேயர்கள் கண்டிருப்பர். உள்ளே எச்சரக்கு இருப்பினும் கப்பலும் லாரியும் ரயிலும் அப்பெட்டியை ஏற்கும். அளவு ஒன்றாய் இருப்பதே காரணம். மென்பொருளையும் அதற்கு வேண்டிய துணைக்கருவிகளையும் அவ்வாறே ஒரு பெட்டியில் அடைத்தால், அது எக்கணினியிலும் ஒரே விதமாய் இயங்கும். இதுவே கொள்கலன். 2013-இல் வெளிவந்த டாக்கர் இம்முறையைப் பரப்பிற்று. பெட்டிகள் பெருகியபோது அவற்றைப் பல கணினிகளிற் பகிர்ந்து மேய்க்க ஒரு மேலாளன் தேவைப்பட்டான். கூகுள் 2014-இல் வெளியிட்ட குபெர்னெட்டிஸ் அம்மேலாளன். சுக்கான் பிடிப்பவன் என்பதே அக்கிரேக்கச் சொல்லின் பொருள்.

திரள் என்பது மாதச் சம்பளத்துக்கு ஆள் வைப்பது போன்றது. கணினிகள் எந்நேரமும் நமக்கெனக் காத்து நிற்கும். மேலாளனை மட்டும் மேகக் கணிமை நிறுவனம் பார்த்துக்கொள்ளும். அமேசானின் ஈ.கே.எஸ். சேவையில் அம்மேலாண்மைக்கு மட்டும் மணிக்கு 10 சென்ட் கட்டணம். ஒரு மாதத்துக்கு ஏறத்தாழ 73 டாலர். ஒருவரும் விண்ணப்பிக்காத மாதத்திலும் இதனைச் செலுத்தியே ஆகவேண்டும். கணினிகளின் வாடகை வேறு. அன்றியும் குபெர்னெட்டிஸ் ஆண்டுக்கு மூன்று பதிப்புகளாய் வருவது. ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறத்தாழ 14 மாதங்களே ஆதரவு. ஆண்டுதோறும் புதுப்பிக்க அறிந்தவர் ஒருவர் வேண்டும். அவர் வேலை கிடைத்துப் பெங்களூருக்குச் சென்றுவிட்டால் அப்பொறுப்பு யாரைச் சேரும்?

சர்வர்லெஸ் என்பதோ நாட்கூலி. சர்வர் இல்லை என்பதன்று பொருள். அதனைப் பேணும் கவலை நமக்கில்லை என்பதே பொருள். 2019-இல் கூகுள் தொடங்கிய கிளவுட் ரன் சேவையில், கோரிக்கை வந்தால் பெட்டி எழும், வராவிடில் உறங்கும். உறங்கும் வேளைக்குக் கூலியில்லை. மாதத்துக்கு 20 லட்சம் கோரிக்கைகள் வரை இலவச அளவும் உண்டு. எல்லாச் சேவைகளும் இவ்வாறே என்று கொள்ளுதல் ஆகாது. 2017-இல் வந்த அமேசான் ஃபார்கேட்டும் இவ்வினத்தைச் சேர்ந்ததே; எனினும் அங்கே இயங்கவிட்ட பெட்டி, ஒருவரும் வராவிடினும் தானே உறங்குவதில்லை.

அவ்வாறாயின் திரள் வீணோ எனின், அன்று. 2023 நவம்பரில் அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் கண்டனர். அந்நிறுவனம் பயன்படுத்துவது குபெர்னெட்டிஸ் திரளே. கூட்டம் வருமுன்னரே கணினிகளைப் பெருக்கி வைப்பது அதன் வழக்கம். அதே ஆண்டில் அமேசானின் பிரைம் வீடியோ, ஒளிபரப்பின் தரத்தைக் கண்காணிக்கும் தன் கருவி ஒன்றைச் சர்வர்லெஸ் முறையினின்றும் நிலையான கணினிகளுக்கு மாற்றி, 90 விழுக்காடு செலவைக் குறைத்ததாக அறிவித்தது. ஓயாத வேலைக்கு நாட்கூலி மிகும். இடையிடையே வரும் வேலைக்கு மாதச் சம்பளம் மிகும். வீட்டுக் கணக்கு எழுதும் தாய்மார் இதனை நம்மினும் நன்கு அறிவர்.

நம் வேலை எத்தகையது? பதினொரு மாதம் அமைதி. விண்ணப்பக் காலத்தின் இறுதி நாட்களில் நெரிசல். ஆதலின் உறங்கத் தெரிந்த சர்வர்லெஸ் கொள்கலனே நமக்குப் பொருந்தும் என்பது நம் துணிபு. ஆயினும் மூன்று காவல்கள் வேண்டும்.

முதலாவது, பெட்டிகளின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இடுக. வரம்பின்றேல், குறும்பர் சிலர் அனுப்பும் பொய்க் கோரிக்கைகளுக்கும் பெட்டிகள் எழுந்து, கட்டணச் சீட்டு உதவித்தொகையையே விழுங்கும். ஒரு பெட்டி ஒரே நேரத்தில் 80 கோரிக்கைகளை ஏற்குமாறு அமைத்தால், ஐந்து பெட்டிகள் 400-ஐ ஏற்கும். நமக்கு அது போதும்.

இரண்டாவது, உறங்கும் பெட்டி எழுவதற்குச் சில நொடிகள் பிடிக்கலாம். இறுதி வாரத்தில் மட்டும் ஒரு பெட்டியை விழித்திருக்கச் செய்க. அதற்குரிய சிறு கட்டணம் வீணன்று.

மூன்றாவது, விண்ணப்பங்களைப் பெட்டிக்குள் வைத்தல் கூடாது. பெட்டி மறையும்போது அவையும் மறையும். தனித் தரவுத்தளத்தில் அவற்றைச் சேர்த்தல் வேண்டும். முன்பதிவு நிலையத்தில் பத்துச் சாளரங்கள் திறந்தாலும் பதிவேடு ஒன்றாயின் வரிசை நகராது என்பதை ரயில்வே ஊழியர் அறிவோம். ஆகவே தரவுத்தளம் தாங்கும் அளவுக்கே பெட்டிகள் பெருகலாம். அதற்கான மாத வாடகையையும் முன்னரே கணக்கிற் சேர்த்தல் நன்று.

திரளை விரும்பும் இளைஞரின் உள்ளமும் நமக்குப் புரிகின்றது. கழக்கூட்டத்து டெக்னோபார்க்கிலும் பிறவிடங்களிலும் வேலை தேடுவோர்க்கு அக்கல்வி பயன் தரும். அதனைத் தம் கணினியிலேயே மினிகூப் என்னும் இலவசக் கருவியை நிறுவிப் பழகலாம். சங்கப் பணத்திற் பழக வேண்டுவதில்லை. மேலும், இன்று ஒழுங்காய் அடைத்த பெட்டியை, நாளை வேலை பெருகும்போது பெரிய மாற்றமின்றித் திரளுக்குக் கொண்டு செல்லவும் இயலும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும் உறுப்பினர்கள், எது புதியது என்று வினவாமல், யாரும் வராத மாதத்தில் என்ன செலவு, எல்லாரும் வரும் நாளில் எது தாங்கும் என்று வினவுவார்களாக. அவ்விரண்டுக்கும் விடை சொல்லும் திட்டத்துக்கே நம் சந்தாப் பணம் செல்லுதல் வேண்டும்.