பாதுகாப்பு என்றொரு கடன்

அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் தொழில் பார்க்கும் எமது பழைய மாணவர் ஒருவர் அண்மையில் எழுதிய கடிதத்தில் ஒரு சிறு கணக்கைக் குறித்திருந்தார். 4 டொலருக்குக் கோப்பி வாங்கிக் குடித்தாராம். அதன்பொருட்டு அவருடைய வங்கி அறவிட்ட தண்டம் 35 டொலர். அன்று மாலை பாணும் பாலும் வாங்கினார். இன்னொரு 35 டொலர். மறுநாட் காலை பேருந்துக் கட்டணத்தையும் அதே அட்டையாற் செலுத்தினார். மேலும் ஒரு 35. சம்பளம் கணக்கில் வந்து சேர இரண்டு நாள்களே இருந்தன. “பணம் இல்லையென்றால் அட்டையை மறுத்திருக்கலாமே, ஏன் மறுக்கவில்லை?” என்று வங்கியிற் கேட்டிருக்கிறார். “நீங்கள் மேலதிகப்பற்றுப் பாதுகாப்புக்குச் சம்மதம் தந்திருக்கிறீர்கள்” என்பது கிடைத்த விடை.

கடிதத்தின் கடைசி வரியில் அவர் எழுதியிருந்தார்: “பிழை என்னுடையதுதான், சேர். கவனமாக இருந்திருக்க வேண்டும்.” இக்கட்டுரையை எழுத எம்மைத் தூண்டியது அந்த 105 டொலர் அன்று, இந்த வரியே. பறிகொடுத்தவன் தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்கிறான் என்றால், பறித்தவனின் வேலை எவ்வளவு செவ்வையாக நடந்திருக்கிறது!

மேலதிகப்பற்று என்னும் சொல் எம் நாட்டு மாணவருக்குப் புதிதன்று. வணிகக் கல்விப் புத்தகத்தில் அதனைப் படிக்கிறார்கள். நடைமுறைக் கணக்கில் இருப்பதற்கு மேலாகப் பணம் எடுக்க வங்கி தரும் இசைவு அது. அதன் வரலாறும் சுவையானதே. 1728இல் ஸ்கொத்லாந்து றோயல் வங்கி, எடின்பரோ நகர வணிகர் வில்லியம் ஹொக் என்பவருக்கு, தம் கணக்கில் இருப்பதிலும் 1,000 பவுண் வரை கூடுதலாக எடுக்க இடமளித்தது. சரக்கு வாங்கும் நாளுக்கும் விற்ற பணம் வந்து சேரும் நாளுக்கும் இடையே உள்ள பள்ளத்தை நிரப்பும் ஏற்பாடு அது. கேட்டவர் வணிகர்; கொடுத்தது வங்கி; எல்லை இவ்வளவு என்று இருவரும் அறிந்திருந்தனர். பள்ளிப் புத்தகம் சொல்லும் மேலதிகப்பற்றும் இத்தகையதே. கேட்டுப் பெறவேண்டிய கடன் அது. அதற்கு எல்லை உண்டு, வட்டி உண்டு. முன்கூட்டி ஒழுங்கு செய்யப்பட்ட தற்காலிக மேலதிகப்பற்றுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 23 வீதத்துக்கு மேல் வட்டி அறவிடலாகாது என்று 2023 ஓகஸ்டில் இலங்கை மத்திய வங்கி கட்டளையிட்டது. அந்த 23 வீதமே அதிகம் என்று முணுமுணுக்காதவர் எவர்?

அமெரிக்காவிற் சாதாரண தொழிலாளியின் நடைமுறைக் கணக்கில் நடப்பது வேறு. அவர் கடன் கேட்டு விண்ணப்பிப்பதில்லை. எல்லை எவ்வளவு என்று அவருக்குச் சொல்லப்படுவதில்லை. கணக்கில் இல்லாத பணத்தை வங்கி தானே செலுத்துகிறது; செலுத்தியதற்கு ஒரு கட்டணம் விதிக்கிறது; அடுத்த சம்பளம் கணக்கில் விழுந்த கணமே முதலையும் கட்டணத்தையும் தானே எடுத்துக்கொள்கிறது. கடன் கொடுத்தவனே கடனாளியின் பணப்பையையும் வைத்திருப்பதால், வசூலுக்கு அலையும் தொல்லை கூட இல்லை.

இதற்கு வட்டி என்று பெயரில்லை என்பதே இங்கு சூட்சுமம். கடன் கொடுப்போர் அதன் விலையை ஆண்டு வட்டி வீதமாகக் கணித்துக் கடனாளிக்குக் காட்டவேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். 1969இல் அச்சட்டத்துக்கு விதிகள் வகுத்தபோது, காசோலை திரும்பாதபடி வங்கி தன் விருப்பின்பேரிற் செலுத்தும் தொகைக்கு விலக்களித்தனர். தெரிந்த வாடிக்கையாளரின் காசோலையொன்று எப்போதாவது தவறி வந்தால், முகாமையாளர் கண்ணை மூடிக்கொண்டு செலுத்திவிடும் தயவை மனத்திற்கொண்ட விலக்கு அது. பின்னர் கணினி வந்தது. டெபிட் அட்டை வந்தது. முகாமையாளரின் தயவு இயந்திரத்தின் இலாப வழியாகியது. விலக்கு மட்டும் அப்படியே நின்றது.

அந்த விலக்கு மறைப்பது என்னவென்று எட்டாம் வகுப்பு மாணவனும் கணித்துவிடலாம். 2014இல் அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகம் வெளியிட்ட ஆய்வின்படி, டெபிட் அட்டை மீதான மேலதிகப்பற்றுக் கட்டணங்களிற் பெரும்பாலானவை 24 டொலருக்கு மேற்படாத செலவுகளுக்கே விதிக்கப்பட்டன. பெரும்பாலானோர் மூன்று நாள்களுக்குள் அத்தொகையைத் தீர்த்தும்விட்டனர். நடுத்தரக் கட்டணமோ 34 டொலர். 24 டொலரை மூன்று நாள் கடன் கொடுத்து 34 டொலர் மேலதிகமாக வாங்கினால் ஆண்டு வட்டி வீதம் என்ன? நூற்றுக்கு 17,000க்கு மேல். எம் ஊர்களில் நாள் வட்டிக்கும் மீற்றர் வட்டிக்கும் பணம் கொடுப்பவனைத் திட்டித் தீர்க்கிறோம். இந்தக் கணக்கைக் கண்டால் அவனே நாணித் தலைகுனிவான்.

இதற்குத்தான் ‘பாதுகாப்பு’ என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். சொற்களைக் கற்பித்துப் பிழைக்கும் எமக்கு இது பொறுக்கவில்லை. குடை மழையிலிருந்து பாதுகாக்கும். வேலி ஆட்டிடமிருந்து பயிரைப் பாதுகாக்கும். 4 டொலர்க் கோப்பி மறுக்கப்படும் சிறு நாணத்திலிருந்து ஒருவரைக் காத்து, 35 டொலர் கடனுக்குள் தள்ளுவது எந்த அகராதியின்படி பாதுகாப்பாகும்?

“இருப்பதற்குள் செலவு செய்தால் இத்தொல்லை ஏன்?” என்று கேட்கும் அறிவுரையாளர் எங்கும் உளர். வரவறிந்து செலவு செய் என்பதை நாமும் வகுப்பறையிற் சொல்லியே வருகிறோம். ஆயின், அந்தத் தொழிலாளிக்குத் தன் வரவும் இருப்பும் உண்மையிற் தெரியும்படி கணக்கு வைக்கப்பட்டிருக்கிறதா?

கைத்தொலைபேசித் திரையில் 60 டொலர் இருப்பதாகத் தெரியும். நேற்று எழுதிக் கொடுத்த காசோலை அதற்குள் இல்லை. அது வந்து சேரும்போதே கழியும். பெற்றோல் நிலையத்தில் 20 டொலருக்கு அடித்தாலும், அளவு தெரியும் வரை 100 டொலரையோ அதற்கு மேற்பட்டதையோ தடுத்து வைப்பதுண்டு. இன்று வங்கியில் இட்ட காசோலையின் முழுத்தொகையும் நாளைக்குக் கைக்கு வராது. 2025 யூலை முதல், பொதுவாக 275 டொலர் மட்டுமே அடுத்த வேலைநாளிற் கிடைக்க வேண்டும் என்பது விதி. இவற்றிலும் கொடிது ஒன்றுண்டு. அட்டையை நீட்டும் வேளையிற் போதிய பணம் இருக்கும், வங்கியும் இசைவளிக்கும், இரண்டு நாள் கழித்து அச்செலவு கணக்கிற் பதியும்போது வேறொரு கழிவால் இருப்புக் குறைந்திருக்கும், உடனே கட்டணம் விழும். இவ்வாறு எதிர்பாராமல் விதித்த கட்டணங்களுக்காக றீஜன்ஸ் வங்கி 14 கோடி 10 இலட்சம் டொலரை வாடிக்கையாளருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றும், 5 கோடி டொலர் தண்டம் செலுத்த வேண்டும் என்றும் 2022இல் மேற்கூறிய பணியகம் கட்டளையிட்டது. எத்துணைக் கவனம் உடையவரும் இப்பொறியிலிருந்து தப்புவது எளிதன்று.

செலவுகளைப் பதியும் ஒழுங்கிலும் வித்தை உண்டு. கணக்கில் 100 டொலர் இருக்கிறது என்க. ஒருவர் ஒரே நாளில் முறையே 12, 8, 15, 20 டொலர் செலவு செய்து, இறுதியில் 95 டொலர்க் கட்டணம் ஒன்றைச் செலுத்துகிறார். நடந்த ஒழுங்கிற் பதிந்தால் முதல் நான்கும் 55 டொலரோடு முடியும், கடைசி ஒன்றே மேலதிகப்பற்று ஆகும், ஒரு கட்டணம். 95 டொலரை முதலிற் பதிந்தாலோ மிஞ்சுவது 5 டொலர், ஏனைய நான்கும் ஒவ்வொன்றாக எல்லை மீறும், நான்கு கட்டணம். 35 டொலரோடு முடிந்திருக்க வேண்டியது 140 ஆகிறது. செய்த செலவில் ஒரு சதமும் மாறவில்லை. மாறியது கணினியின் வரிசை மட்டுமே. இவ்வாறு பெரியதை முன்னிறுத்திப் பதிந்தமைக்காக வெல்ஸ் பார்கோ வங்கி கலிபோர்னியா வாடிக்கையாளருக்கு 20 கோடி 30 இலட்சம் டொலர் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று 2010இல் நீதிபதி வில்லியம் அல்சப் தீர்ப்பளித்தார். வங்கி மேன்முறையீட்டுக்கு மேல் மேன்முறையீடு செய்தது. 2016இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் அதன் மனுவை ஏற்க மறுத்தபின்னரே விவகாரம் ஓய்ந்தது. சிக்கனம் போதிக்கும் நண்பர்கள் இத்தீர்ப்பைப் பற்றி ஏனோ பேசுவதில்லை.

இப்பணம் யாரிடமிருந்து வருகிறது? ஆண்டுக்குப் பத்துத் தடவைக்கு மேல் எல்லை மீறும் கணக்குகள் மொத்தத்தில் நூற்றுக்கு 9 மட்டுமே. மேலதிகப்பற்று, பணமின்மைக் கட்டணங்களில் நூற்றுக்கு 79 பங்கை அவையே செலுத்தின என்று அதே பணியகம் 2017இற் கண்டது. வசதி படைத்தோரின் ‘இலவச’ நடைமுறைக் கணக்குக்கு விலை கொடுப்பவர், சம்பளத்துக்கு முந்திய வாரத்தில் ஊசலாடுபவர். இதே ஆண்டில் ரி.சி.எப். என்னும் வங்கிமீது, சம்மதத்தை ஏமாற்றிப் பெற்றதாக அப்பணியகம் வழக்குத் தொடுத்தது. அவ்வங்கியின் முன்னாள் தலைவர் தம் சொந்தப் படகுக்கு ‘மேலதிகப்பற்று’ என்றே பெயரிட்டிருந்தார் என்ற செய்தி வழக்குப் பத்திரத்தில் இடம்பெற்றது. 2018இல் வழக்கு இணக்கத்தில் முடிந்து, வாடிக்கையாளருக்கு 2 கோடி 50 இலட்சம் டொலர் திரும்பியது. படகுக்குப் பெயர் வைத்தவரின் நேர்மையை மெச்சவே வேண்டும். எதனால் அது மிதக்கிறது என்பதை அவர் மறைக்கவில்லை.

வங்கியாளர் தரப்பில் ஒரு வாதம் உண்டு. அதனைத் தட்டிக் கழித்தல் முறையன்று. கட்டணத்தை ஒழித்தால் இவ்வசதியே ஒழியும். வீட்டு வாடகைக் காசோலை திரும்பும். ஏழை அதைவிடக் கொடிய கடன்காரனிடம் போவான் என்பர். வாடகைக் காசோலை திரும்புவதால் வரும் இடர் மெய்யானது. அந்நேரத்தில் 35 டொலர் கொடுத்துத் தப்புவதை ஒருவர் அறிந்தே தெரிந்தெடுக்கலாம். ஆனால் அறிந்து தெரிந்தெடுப்பவருக்கு விலையைக் காட்ட ஏன் அஞ்ச வேண்டும்? அன்றியும், 2021இலும் 2022இலும் கப்பிற்றல் வண், சிற்றி ஆகிய பெரும் வங்கிகள் இக்கட்டணத்தையே கைவிட முன்வந்தன; பாங்க் ஒவ் அமெரிக்கா 35 டொலரை 10 டொலராகக் குறைத்தது. 100 கோடி டொலருக்கு மேற்பட்ட சொத்துடைய வங்கிகள் 2019இல் இக்கட்டணங்களாற் பெற்றது 1,197 கோடி டொலர். 2023இல் 583 கோடி. பாதி குறைந்தும் வங்கிகள் எழுந்து நிற்கின்றன.

தப்பும் வழி இல்லாமலில்லை. அட்டைச் செலவுக்கும் பணம் எடுக்கும் இயந்திரத்துக்கும் வாடிக்கையாளரின் வெளிப்படையான சம்மதம் இன்றி இக்கட்டணம் விதிக்கலாகாது என்ற விதி 2010 யூலையில் நடைமுறைக்கு வந்தது. கணக்குத் திறக்கும் நாளில் நீட்டப்படும் பல தாள்களில் ஒன்றில் அந்தச் சம்மதம் ஒளிந்திருக்கும். அதில் ஒப்பமிடாதீர்கள், இட்டிருந்தால் எந்நாளும் மீளப்பெறலாம். அதன்பின் பணமில்லாதபோது அட்டை மறுக்கப்படும், தண்டம் இராது. காசோலைக்கும் மாதாந்தம் தானே கழியும் கட்டணங்களுக்கும் இவ்விதி காவலாகாது. அவற்றின் நாள்களைச் சம்பள நாளுக்குப் பின்னே தள்ளிவைத்தலும், சேமிப்புக் கணக்கொன்றை இணைத்துவைத்தலும், இருப்புக் குறையும்போது கைத்தொலைபேசிக்கு அறிவித்தல் வரச் செய்தலும் பயன் தரும். ‘பாங்க் ஒன்’ என்னும் சான்று பெற்ற கணக்குகளில் மேலதிகப்பற்றுக் கட்டணமே கிடையாது. புதிதாகக் குடியேறுவோர் அதனைக் கேட்டுப் பெறுக. கட்டணம் ஏற்கெனவே விழுந்துவிட்டால் வாய்திறந்து கேளுங்கள். முதல் தடவையாயின் திருப்பித் தரும் வங்கிகள் பல. வெட்கத்தாலோ கோபத்தாலோ கடனைத் தீர்க்காமற் கணக்கைக் கைவிட்டு ஓடுவது மட்டும் கூடாது. அப்பெயர் வங்கிகளுக்குப் பொதுவான பதிவொன்றில் ஐந்தாண்டு கிடக்கும். வேறு வங்கியின் வாசலும் அடைபடும்.

இவையெல்லாம் தனியாள் தன்னைக் காத்துக்கொள்ளும் உபாயங்கள். இவற்றை அறியாதவர் தொடர்ந்து அகப்படுவர். அதனாலேயே 2024 டிசம்பரிற் பணியகம் ஒரு விதியை வகுத்தது: 1,000 கோடி டொலருக்கு மேற்பட்ட சொத்துடைய வங்கிகள் கட்டணத்தை 5 டொலருக்கோ தமக்கு ஏற்படும் செலவுக்கோ மட்டுப்படுத்த வேண்டும், இலாபம் வேண்டுமாயின், கடன் என்று ஒப்புக்கொண்டு வட்டி வீதத்தைக் காட்ட வேண்டும். 2025 ஒக்டோபரில் அது நடைமுறைக்கு வரவிருந்தது. வரவில்லை. 2025 மார்ச்சில் செனற் சபை 52க்கு 48 என்ற வாக்குகளால் அதனை நிராகரித்தது. ஏப்ரலிற் பிரதிநிதிகள் சபை 217க்கு 211 என நிராகரித்தது. மே 9ஆந் திகதி ஜனாதிபதி ட்ரம்ப் ஒப்பமிட்டார். கடனைக் கடன் என்று சொல்லுமாறு கேட்ட விதி, ஒரு நாளேனும் உயிர்வாழாமல் மாண்டது.

எம் மாணவருக்கு மறுகடிதம் எழுதினோம்: பிழை உம்முடையது அன்று, ஆயினும் உடனே சென்று சம்மதத்தை மீளப்பெறுக. அவர் சென்றிருக்கிறார். படிவத்தை எடுத்துக் கொடுத்த இளம் உத்தியோகத்தர், கொடுக்குமுன் இருமுறை கேட்டாராம்: “பாதுகாப்பு வேண்டாம் என்று நிச்சயமாகத்தான் சொல்கிறீர்களா?”